ஃபேர் பார்க்: 24 நாள் கூட்டம், மீதி வருடம் யார் பொறுப்பு?

கொள்ளிடக்கரை:
ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். செப்டம்பர் கடைசி வெள்ளியன்று டெக்சஸ் ஸ்டேட் ஃபேர் தொடங்குகிறது, கூட்டிப் போகலாம் என்று யோசனை. அதற்கு முன் இடத்தைப் பார்த்து வைப்போம் என்று ஒரு வார நாளில் டாலஸ் ஃபேர் பார்க் பக்கம் வண்டியை விட்டேன். பெரிய பெரிய மண்டபங்கள், ஆளுயரத்தைத் தாண்டிய சிலைகள், நடுவில் நீளமாக ஒரு தடாகம். ஆனால் ஆள் நடமாட்டமே இல்லை. பாதிக் கட்டிடங்களில் பூட்டு. சுற்றிலும் வேலி போட்ட பார்க்கிங், கண்ணுக்கு எட்டியவரை தார்.

சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி என்றால் எனக்குப் புரியும். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும், அரசுத் துறைகள் அரங்கு போடும், டெல்லி அப்பளம் விற்பார்கள், முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே கல்லும் சுண்ணாம்புமாக நிரந்தரமாகக் கட்டிவைத்துவிட்டு வருடத்தில் 24 நாளுக்குக் கூட்டம் சேர்த்தால் என்ன கணக்கு? முதலில் இது யார் இடம்? மாநில அரசா, நகராட்சியா, தனியாரா?

பழைய டாலஸ்காரன்:
இடம் டாலஸ் நகராட்சியுடையது. திருவிழாவை நடத்துவது ஒரு தனியார் அமைப்பு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் ஃபேர் பார்க்கின் எந்தச் சண்டையும் புரியாது.

கதை 1886இல் ஆரம்பிக்கிறது. டாலஸ் வியாபாரிகள் சேர்ந்து ஒரு பொருட்காட்சிக் கம்பெனி தொடங்கினார்கள். எங்கே நடத்துவது என்பதிலேயே அடிதடி. கேப்டன் கேஸ்டன் என்ற வங்கிக்காரர் கிழக்கு டாலஸில் தன்னுடைய 80 ஏக்கரைக் காட்டினார். உழவுக்கருவி வியாபாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. அங்கே இருப்பது ஒட்டுக் கரிசல், ஒரு மழை பெய்தால் இயந்திரங்களை நகர்த்த முடியாது, பன்றி புரளத்தான் லாயக்கு என்றார்கள். கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் ஊருக்கு வடக்கே போட்டிப் பொருட்காட்சி ஒன்று நடத்தினார்கள். ஒரே ஊரில், ஒரே அக்டோபரில் இரண்டு. மறு வருடமே இரண்டும் ஒன்றாகிவிட்டன. கேஸ்டன் காட்டிய அந்தக் கரிசல் காடுதான் இன்றைய ஃபேர் பார்க். இப்போது 277 ஏக்கர்.

ஆரம்பத்தில் அதைத் தாங்கிப் பிடித்தது மாடும் சோளமும் அல்ல, குதிரைப் பந்தயம். 1903இல் டெக்சஸ் சட்டமன்றம் பந்தயத்தில் பணம் கட்டுவதைத் தடை செய்ததும் அந்த வருமானம் போய்விட்டது. 1904இல் இடத்தை நகராட்சிக்கு விற்றார்கள். ஆனால் சும்மா விற்கவில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் திருவிழாவுக்கு என்று சில வாரங்கள் எங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தங்கள் பலமுறை மாறியிருக்கின்றன, ஆனால் அந்த ஏற்பாட்டின் எலும்புக்கூடு மாறவில்லை.

மணல்வீடு:
அப்படியானால் டெக்சஸ் அரசு ஒரு பைசா தருவதில்லையா? நான் இத்தனை நாள் கவர்னர்தான் ரிப்பன் வெட்டி நடத்துகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய டாலஸ்காரன்:
மாநில பட்ஜெட்டில் இதற்கு இடம் இல்லை. நடத்துவது லாப நோக்கற்ற அமைப்பு. நுழைவுக் கட்டணம், கூப்பன், விளம்பரதாரர்கள், இவைதான் வருமானம். நகராட்சிக்கு வாடகை கட்டுகிறார்கள். மிச்சத்தில் ஒரு பகுதியைத் திடலின் பராமரிப்புக்குக் கொடுக்கிறார்கள். ஒரு பகுதி மாணவர் உதவித்தொகைக்குப் போகிறது.

தனியார் யார், அரசு யார் என்பது வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை. அக்டோபர் 2023இல் திருவிழாவுக்குள் ஒருவர் சுட்டு 3 பேர் காயப்பட்டார்கள். மறு வருடம், லைசென்ஸ் வைத்திருந்தாலும் துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று அமைப்பு அறிவித்தது. டெக்சஸில் இது எப்படிப்பட்ட அறிவிப்பு என்று உங்களுக்கே தெரியும். டெக்சஸ் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் வழக்குப் போட்டார். அவருடைய வாதம், நிலம் நகராட்சியுடையது, அரசாங்க நிலத்தில் அப்படித் தடை போட மாநிலச் சட்டம் இடம் கொடுக்காது என்பது. எதிர்வாதம், நாங்கள் தனியார், குத்தகைக்கு எடுத்திருக்கிறோம், நகராட்சிக்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தம் இல்லை. கீழ் நீதிமன்றம் அந்த அறிவிப்பை நிறுத்திவைக்க மறுத்தது. வழக்கு டெக்சஸ் உச்ச நீதிமன்றம் வரை போய், திருவிழா தொடங்குவதற்கு முந்தின நாள் அங்கேயும் பாக்ஸ்டனுக்குச் சாதகமாக எதுவும் கிடைக்கவில்லை. துப்பாக்கித் தடையோடுதான் 2024 திருவிழா திறந்தது. 1904இல் போட்ட முடிச்சு 120 வருடம் கழித்து இப்படி வந்து நின்றது.

மணல்வீடு:
சரி, நிலம் பொது, சம்பாத்தியம் தனியார். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது.

செங்கல்சூளை:
நான் கட்டிடக்கலை படித்தவள். கொள்ளிடக்கரை பார்த்த "பெரிய பெரிய மண்டபங்கள்" பற்றிச் சொல்கிறேன்.

1936, மெக்சிகோவிடமிருந்து டெக்சஸ் விடுதலை பெற்றதன் நூற்றாண்டு. மையப் பொருட்காட்சி யாருக்கு என்று டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ மூன்றும் போட்டி போட்டன. 1836இல் டாலஸ் என்ற ஊரே கிடையாது, அது 1841இல்தான் உருவானது. அந்த விடுதலைப் போரில் பேர்போன அலமோ கோட்டை இருக்கிற சான் அன்டோனியோவை ஓரம் கட்டி டாலஸ் ஜெயித்தது எப்படி என்றால், வங்கிக்காரர்கள் பெரிய தொகையாக ஏலம் கேட்டார்கள். அவ்வளவுதான்.

ஜார்ஜ் டால் என்ற கட்டிடக் கலைஞர் தலைமையில் சுமார் 50 கட்டிடங்கள், ஒரு வருடத்துக்கும் குறைவான காலத்தில். பல கட்டிடங்கள் பொருட்காட்சி முடியும்வரை நின்றால் போதும் என்ற நினைப்பில் எழும்பியவை. ஜூன் 6 முதல் நவம்பர் 29 வரை 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் வந்தார். மற்ற ஊர்களில் உலகப் பொருட்காட்சி முடிந்ததும் இடித்துவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு இலையுதிர் காலமும் திருவிழாவுக்குக் கூரை தேவைப்பட்டதால் இடிக்கவில்லை. அமெரிக்காவில் 1930களின் பொருட்காட்சிக் கட்டிடங்கள் இவ்வளவு மொத்தமாக ஒரே இடத்தில் மிஞ்சியிருப்பது அதனால்தான். 1986இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

தடாகத்தின் கோடியில் இருக்கிற ஹால் ஆஃப் ஸ்டேட்டை விட்டுவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல். வாசலுக்கு மேலே பொன் பூச்சில் வில்லேந்திய பழங்குடி வீரன் சிலை, ஆலி டென்னன்ட் என்ற பெண் சிற்பி செய்தது. அவனுக்குப் பின்னால் இருக்கிற நீல ஓடு டெக்சஸின் புளூபானெட் பூவின் நிறம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், சாயங்கால வெயிலில் அந்த நீலம் கொஞ்சம் ஊதாவுக்குப் போகும். உள்ளே பெரிய கூடத்தின் கடைசிச் சுவரில் ஒரு பொன் பதக்கம், இரு பக்கமும் கூரைவரை சுவரோவியம். கோயில் பிரகாரத்தில் பழகின கால்களுக்கு அந்த உயரம் சட்டென்று பிடிபடும்.

பராமரிப்பு என்ன லட்சணம் என்றும் கேளுங்கள். கோடிக்கணக்கில் செலவழித்து அந்த மண்டபத்தைப் புதுப்பித்தார்கள். 2021 பிப்ரவரியில் மின்சாரம் போய் எல்லோரும் நடுங்கினோமே, அந்தக் குளிரில் குழாய் வெடித்து உள்ளே வெள்ளம். கீழ்த்தளத்தில் வைத்திருந்த வரலாற்றுப் பொருட்களெல்லாம் நனைந்தன. ஆள் இல்லாத கட்டிடத்தில் குழாய் வெடித்தால் யார் முதலில் பார்ப்பார்கள்?

வேப்பமரத்தடி:
செங்கல்சூளை அக்கா சொன்ன 50 கட்டிடங்களில் ஒன்றை மட்டும் உடனே இடித்தார்கள். எது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

கறுப்பின மக்களின் கலையையும் வாழ்வையும் காட்ட 'ஹால் ஆஃப் நீக்ரோ லைஃப்' என்று ஒன்று இருந்தது. டாலஸ்காரர்கள் பணம் கொடுக்கவில்லை, மத்திய அரசின் 1 லட்சம் டாலரில் கட்டினார்கள். 1936 ஜூன் 19, அடிமைத்தளை அறுந்த செய்தி டெக்சஸுக்கு எட்டிய நாள், அன்றைக்குத் திறந்தார்கள். உள்ளே ஆரோன் டக்ளஸ் வரைந்த 4 பெரிய ஓவியங்கள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், அதில் வெள்ளையர்களே அதிகம். 1937இல் அதே திடலில் அடுத்த பொருட்காட்சி நடந்தபோது மற்றவை நின்றன, இது இல்லை. அந்த நாலு ஓவியங்களில் இரண்டுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன, ஒன்று சான் பிரான்சிஸ்கோவில், ஒன்று வாஷிங்டனில். டாலஸில் ஒன்றும் இல்லை.

திருவிழாவிலும் அதே கதைதான். 1923இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்துக்கு என்று ஒரு நாளே ஒதுக்கினார்கள், சீருடையோடு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கறுப்பினத்தவருக்கும் ஒரு 'சாதனை நாள்' கொடுத்தார்கள். மற்ற நாட்களில் உள்ளே வந்தாலும் ராட்டினத்தில் ஏற முடியாது, சாப்பாட்டுக் கடையில் உட்கார முடியாது. 1955இல் ஹுவானிட்டா கிராஃப்ட் என்ற அம்மா என்ஏஏசிபி என்ற கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு வாசலில் மறியல் செய்தார். பிற்பாடு அவர் டாலஸ் நகர மன்ற உறுப்பினராகவே ஆனார்.

அப்புறம் அந்தப் பார்க்கிங். "கண்ணுக்கு எட்டியவரை தார்" என்றீர்களே, அங்கே வீடுகள் இருந்தன. 1966இல் நகரம் அமர்த்திய ஆலோசகர்கள், சுற்றியிருக்கும் ஏழைக் கறுப்பர் வீடுகள் கண்ணில் படாமல் இருந்தால் வெள்ளையர்கள் தயங்காமல் வருவார்கள் என்ற பொருளில் அறிக்கை கொடுத்தார்கள். அதன்பின் பொது நோக்கத்துக்காக என்று சட்டம் காட்டி நூற்றுக்கணக்கான வீடுகளை எடுத்தார்கள். விலையும் அடிமாட்டு விலை. 1970 புத்தாண்டில் காட்டன் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை ஒட்டி நடக்கிற ஊர்வலத்தை, அதுவும் தேசமே டிவியில் பார்க்கிற ஊர்வலத்தை, மறிப்போம் என்று வீட்டுக்காரர்கள் சொன்ன பிறகுதான் மேயர் உட்கார்ந்து பேசினார். வீடுகள் திரும்ப வரவில்லை.

ஃப்ரிஸ்கோ குமரன்:
கொள்ளிடக்கரை கேட்டது பெற்றோரைக் கூட்டிப் போகலாமா என்று. நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைப் போராட்டத்துக்கு அனுப்பிவிடுவீர்கள் போல.

நடந்தது தப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் இன்றைக்கு 20 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வருகிற இடம் அது. என் பிள்ளைகளுக்கு வருடத்தில் தீபாவளிக்கு அடுத்தபடி இதுதான். பிக் டெக்ஸ் என்ற ராட்சத கவ்பாய் பொம்மையைப் பார்த்தால்தான் அவர்களுக்குத் திருவிழா தொடங்கியதாக அர்த்தம். 24 நாளில் இவ்வளவு கூட்டம் சேர்க்கிற அமைப்பிடம் மீதி நாட்களையும் கொடுத்துவிட்டால் போகிறது. நகராட்சி கையை விட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

பழைய டாலஸ்காரன்:
குமரன், நகராட்சி கையை விட்டுத்தான் பார்த்தது. 2018 கடைசியில் ஃபேர் பார்க் ஃபர்ஸ்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்புக்கு முழு நிர்வாகத்தையும் கொடுத்தார்கள். அன்றாட வேலைக்கு அரங்க மேலாண்மைக் கம்பெனி ஒன்று. வேப்பமரத்தடி சொன்ன அதே பார்க்கிங்கில் ஒரு பகுதியை எடுத்து அக்கம்பக்கத்து மக்களுக்குப் பூங்கா போடுவதாக வாக்கு. நன்கொடையும் வந்தது. 2024இல் தணிக்கை செய்தபோது, கொடுத்தவர்கள் சொன்ன நோக்கத்துக்கு வெளியே சுமார் 57 லட்சம் டாலர் செலவாகியிருப்பது தெரிந்தது. 2025இல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு நகராட்சியே திரும்ப எடுத்துக்கொண்டது.

கை மாறுவதில் பிரச்சினை தீராது. திடலின் வடிவமே 24 நாளுக்கு வெட்டியது. திருவிழாவுக்கு முன்னால் ஏற்பாடு, பின்னால் பிரிப்பு என்று வாரக்கணக்கில் இடம் மாட்டிக்கொள்கிறது. அதனால் வருடம் முழுக்க நிலையாக வாடகை கொடுக்கிற யாரும் அங்கே குடியேறத் தயங்குவார்கள். இருந்தவர்களும் போனார்கள். நுண்கலை அருங்காட்சியகம் 1984இல் நகர மையத்துக்குப் போனது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் கூடமும் சேர்ந்துதான் பெரோ அருங்காட்சியகம், அதுவும் 2012இல் வெளியே. மிஞ்சியிருப்பது 1925இல் கட்டிய மியூசிக் ஹால், திறந்தவெளிக் கச்சேரி அரங்கம், ஆஃப்ரிக்க அமெரிக்க அருங்காட்சியகம், தோட்டம் இப்படிச் சில.

காட்டன் பௌல் ஸ்டேடியத்தைப் பாருங்கள். 1930இல் கட்டியது, இப்போது 92,000 இருக்கைக்கு மேல். டாலஸ் கவ்பாய்ஸ் கால்பந்து அணி 1971இல் போனது, காட்டன் பௌல் என்ற பெயரிலேயே நடக்கிற ஆட்டமும் 2010இல் ஆர்லிங்டனுக்குப் போனது. திருவிழா சமயத்தில் டெக்சஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிகள் மோதுகிற ஆட்டம்தான் அதன் உயிர். அன்றைக்கு அரங்கம் சரிபாதியாக ஒரு பக்கம் ஆரஞ்சு, ஒரு பக்கம் கருஞ்சிவப்பு. அந்த ஒரு நாளை இழக்கக் கூடாது என்றுதான் நகராட்சி மீண்டும் மீண்டும் கோடிகளைக் கொட்டுகிறது.

ஃப்ரிஸ்கோ குமரன்:
அப்படியென்றால் ஸ்டேடியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடலாமே. அந்த ஏரியாவில் அபார்ட்மென்ட் வந்தால் வரியாவது வரும்.

செங்கல்சூளை:
வரலாற்றுச் சின்னத்தில் அபார்ட்மென்டா? தொட விட மாட்டார்கள். பார்க்கிங்கைப் பற்றி வேண்டுமானால் பேசலாம்.

வேப்பமரத்தடி:
பார்க்கிங்கை யாரிடமிருந்து எடுத்தார்களோ அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தத் தெருக்களில்தான் இருக்கிறார்கள். அபார்ட்மென்ட் கட்டினால் வாடகை யாருக்குக் கட்டுப்படியாகும் என்று சொல்லுங்கள் குமரன்.

ஃப்ரிஸ்கோ குமரன்:
பூங்கா கட்டுங்கள் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வருடக்கணக்காகக் கட்டாமல் பேசிக்கொண்டே இருப்பதுதான் எரிச்சல்.

தொழுவத்து மல்லி:
நான் கால்நடை மருத்துவ உதவியாளர், திருவிழாவில் தொழுவப் பக்கம் நின்றிருக்கிறேன். நீங்கள் கட்டிடத்தையும் கூப்பனையும் பேசுகிறீர்கள், மாட்டை மறந்துவிட்டீர்கள்.

விடியற்காலையில் தொழுவத்துக்கு வந்து பாருங்கள். பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பையன் தன்னைப்போல் பல மடங்கு எடையுள்ள காளையைக் குளிப்பாட்டி, பெரிய ஊதுகுழாயால் மயிரை உலர்த்திக்கொண்டிருப்பான். மயிரைக் கீழிருந்து மேலாக, முன்பக்கமாகச் சீவ வேண்டும். அப்போதுதான் கால் பருத்து, உடம்பு நிறைவாகத் தெரியும். நடுவர் முன்னால் நிறுத்தும்போது நீண்ட கொக்கிக் குச்சியால் குளம்பைத் தொட்டு நாலு காலையும் சதுரமாக வைப்பான், அதே குச்சியால் வயிற்றைச் சொறிந்து சாந்தப்படுத்துவான். முதல் பரிசுக் காளை ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போகும். வாங்குகிற கம்பெனிகளுக்கு இறைச்சி நோக்கம் இல்லை, அது அந்தப் பிள்ளையின் கல்லூரிச் செலவு. ஏலம் முடிந்து மாட்டைவிட்டுப் பிரியும்போது அழுகிற பிள்ளைகளையும் பார்க்கலாம். நம் ஊர் ஆட்கள் பெரும்பாலும் ராட்டினம் பக்கமே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

கூப்பன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே சாப்பாட்டுக்கும் ராட்டினத்துக்கும் கூப்பன்தான். கடைக்காரர் வாங்கின கூப்பனை அமைப்பிடம் ஒப்படைத்து, அவர்கள் பங்கு போக மீதியை வாங்கிக்கொள்வார். யார் எவ்வளவு விற்றார் என்பது இதனால் மறைக்க முடியாது. விலை ஏன் இவ்வளவு என்று பொரித்த ஓரியோ விற்கிறவரிடம் சண்டை போடாதீர்கள்.

மணல்வீடு:
பொரித்த ஓரியோ பரவாயில்லை. இங்கே பொரித்த கோக், பொரித்த வெண்ணெய், பொரித்த பீர் எல்லாம் பரிசு வாங்கியிருக்கின்றன. எண்ணெய்ச் சட்டியில் போடாமல் விட்டது பார்க்கிங் டிக்கெட் ஒன்றுதான்.

பிக் டெக்ஸ் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா என்பது குமரன் பிள்ளைகளுக்குத் தெரியுமா? கெரன்ஸ் என்ற சின்ன ஊரில் 1949இல் கடைத்தெருவுக்குக் கூட்டம் இழுக்க வைத்த பொம்மை. 750 டாலருக்கு வாங்கி வந்து, தாடியை எடுத்துவிட்டுத் தொப்பியும் ஜீன்ஸும் மாட்டி 1952இல் கவ்பாய் ஆக்கிவிட்டார்கள். 2012 அக்டோபரில் மின்கசிவில் எரிந்து போனார். இப்போது கை ஆட்டிக்கொண்டிருப்பது 2013இல் வந்தவர், 55 அடி.

கொள்ளிடக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அப்பா விவசாயி. மல்லி அக்கா எழுதினதை வாசித்துக் காட்டினேன், அந்தக் கொக்கிக் குச்சி எவ்வளவு நீளம் என்று கேட்கிறார். மாடு பார்க்கப் போவது முடிவாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி, நிறைய நடக்க முடியாது. வண்டியில் போவதா, ரயிலா?

தொழுவத்து மல்லி:
குச்சி நாலைந்து அடி இருக்கும், அப்பாவிடம் சொல்லுங்கள். காளை எல்லா நாளும் இருக்காது. ஒரு வாரம் மாடு, ஒரு வாரம் ஆடு, பன்றி என்று மாறிக்கொண்டே இருக்கும். கால்நடை அட்டவணையைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய டாலஸ்காரன்:
ரயில்தான். டாலஸ் நகரப் போக்குவரத்தான டார்ட்டின் பச்சை வழித்தடம், ஃபேர் பார்க் நிலையம். 2009 செப்டம்பரில், அந்த வருடத் திருவிழாவுக்குச் சற்று முன்னால்தான் திறந்தார்கள். பாரி அவென்யூவில் இறங்கினால் முன்வாசல் எதிரே. உள்ளே நுழைந்ததும் தடாகம், அதன் கோடியில் ஹால் ஆஃப் ஸ்டேட். அம்மா அங்கே உட்காரட்டும், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். தொழுவம் அங்கிருந்து நல்ல நடை, சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். டெக்சஸ்–ஓக்லஹோமா ஆட்டம் நடக்கிற சனிக்கிழமை மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஃப்ரிஸ்கோ குமரன்:
செவ்வாய் அல்லது புதன் போங்கள். ஃபிளெட்சர் கார்ன் டாக்கில் சோள மாவுக்குள் இருப்பது சாசேஜ், அம்மா சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.